மயில் மார்க் பாட்டில்

சித்திரை பிறந்துவிட்டால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்ணைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஐப்பசியில் காலை வைத்தால் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும் அதே மண்தான். சித்திரையில் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். உள்ளே நண்டு இருக்கிறதா பாம்பு இருக்கிறதா என்பது விட்டவர் பாடு. பயறு பிடுங்கியாகிவிட்டது, ஆற்றில் தண்ணீர் விட இன்னும் நாள் கிடக்கிறது, வயலில் ஒரு வேலையும் இல்லை. அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில்தான் காத்தாயி பாட்டில் கழுவ உட்கார்ந்தாள்.

புளியடித் திடல் ஊரிலிருந்து தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு மேடு. ஒரு புளியமரம், ஒரு குடிசை, அவ்வளவுதான். குடிசையில் மருதையன், அவன் பெண்டாட்டி காத்தாயி, புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட தங்கை அம்சம் என்று மூன்று பேர். மூன்று பேரும் மேலவீட்டு மிராசுதாரின் வயலில் வேலை செய்தவர்கள். முந்தின சம்பா அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அரிவாளைக் கீழே போட்டவர்களில் மருதையன் முன்வரிசையில் நின்றான். அதிலிருந்து அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. மருதையன் வெளியூர் போய் மண் வெட்டினான். பெண்கள் இரண்டு பேரும் கிடைத்ததைப் பொறுக்கி, கிடைத்ததைச் சமைத்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துச் சட்டம் வந்தது. பிறத்தியார் மண்ணில் குடிசை போட்டு இருக்கும் விவசாயக் கூலிகளுக்கு அந்த மனைக்கட்டு அவர்கள் பேருக்கே ஆகும் என்று மெட்ராசில் கழக ஆட்சி சொல்லிவிட்டது. சட்டம் வந்த தேதியில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். மிராசுதார் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். புளியடித் திடல் தன்னுடைய களம், நெல் அடிக்கிற இடம், மருதையன் சட்டம் வந்ததைக் கேள்விப்பட்டுப் போன வருஷக் கடைசியில்தான் அங்கே குடிசை போட்டான் என்று ஆட்சேபணை கொடுத்தார். அதற்குச் சாட்சி அவருடைய காரியஸ்தர் குஞ்சிதபாதம் பிள்ளை.

பிள்ளையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சோறு போடுகிற வீட்டுக்குச் சாட்சி சொல்கிறவர். எங்கள் பக்கத்தில் அப்படி ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர் தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். மருதையனுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அவனுடைய விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பார்த்துவிட்டு அவர் புதுக்குடிசை என்று எழுதினால் மூன்று பேரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போக வேண்டியதுதான்.

கீற்றுக் குடிசையில் பழசு என்று எதைக் காட்டுவது? கீற்று வருஷம் ஒரு முறை மாறும். மூங்கிலை நாலு மழைக்கு மேல் நம்ப முடியாது. சுவரை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு புதிதாக எழுப்புகிறார்கள். மருதையன் பிறந்ததே அந்தத் திடலில்தான். ஆனால் அவன் பிறந்த அன்று இருந்த கீற்றில் ஒரு ஈர்க்குச்சிகூட இன்றைக்கு இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, வாசலைச் சுற்றி அவன் அப்பா புதைத்து வைத்த பாட்டில் வரிசை. எல்லாம் கோலி சோடா பாட்டில். வாய் கீழே, அடிப்பாகம் மேலே. நாலு விரல் உயரம் வெளியே தெரிய, பாக்கி மண்ணுக்குள் நின்றது. ஐப்பசி மழையில் வாசல் மண் கரைந்து ஓடாமல் தாங்கியது அந்த வரிசைதான். சாணத் தண்ணீரும் பாசியும் ஏறி ஏறி, அது கண்ணாடி என்பதே எல்லோருக்கும் மறந்து போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் காத்தாயி வாசலை மெழுகினாள். மெழுகிக்கொண்டே வந்தவள் ஒரு பாட்டிலின் அடியை அரிவாள் நுனியால் சுரண்டிப் பார்த்தாள். பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. சுற்றியிருந்த களிமண் வெயிலில் சுருங்கிக் கண்ணாடியை விட்டு ஒரு நூல் விலகியிருந்தது. பிடித்து நேராக இழுத்தாள். ஆடுகிற பல்லைப் போல அலுங்காமல் கையோடு வந்துவிட்டது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்சம் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன அண்ணி, அதப் போயிப் புடுங்குற?”

“கவர்மெண்டு ஆளு வூட்டுக்கு வர்றாரு அம்சம். இதுவரைக்கும் நம்ம வாசலுக்கு யாரு வந்திருக்கா? வாரண்டு கொண்டாந்த போலீசுதான் வந்துச்சு. மொதமொதல்ல ஒரு நல்ல காரியத்துக்கு ஒருத்தர் வர்றாரு. வாசல்ல பாசி புடிச்சுக் கெடந்தா என்ன நெனைப்பாரு?”

“அதுக்கு மேலாப்புல சொரண்டிவுட்டா பத்தாதா?”

“மேல சொரண்டிட்டு உள்ள அழுக்க வச்சுக்கிட்டு இருந்தா அது என்னாடி கழுவுனது?”

காத்தாயி அப்படித்தான். மிராசுதார் வீட்டுக் கொல்லையில் நெல் அவிக்கிற அண்டாவைத் தேய்க்கச் சொன்னால், நெருப்பில் இருக்கப் போகிற அடிப்பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு வருவாள். அவளைச் சொல்லித் திருத்த யாராலும் ஆகாது. ஒன்றை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், சாப்பாட்டு நேரத்துக்குள் வரிசை முழுவதும் வெளியே வந்துவிட்டது. எல்லாம் வாய் உடைந்த பாட்டில்கள். விளிம்பில் சில்லு போனது, பாதி உதடு இல்லாதது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

குளத்தில் தண்ணீர் குட்டைபோல் ஓரிடத்தில் கிடந்தது. அம்சம் போய்க் குடத்தில் அள்ளி வந்து, துணியில் வடிகட்டி ஊற்றினாள். துணி வெளுக்கிற உவர்மண்ணைக் கரைத்துக் கொதிக்க வைத்து, அதில் பாட்டில்களை ஊறப் போட்டார்கள். வெளிப்பக்கத்துக்கு உமிச்சாம்பலும் தேங்காய் நாரும். பாசி முதல் தேய்ப்பில் போயிற்று. அதற்கடியில் சாணம் கல்லாகப் பிடித்திருந்தது. சாணத்துக்கடியில் களிமண் ஒரு தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அதை நகத்தால் உரித்தாள்.

வெளிப்பக்கம் சுலபம். உள்பக்கம்தான் உயிரை எடுத்தது. கோலி சோடா பாட்டிலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கழுத்தில் இரண்டு பக்கமும் அமுக்கி இடுப்பு வைத்திருக்கும். அந்த இடுப்புக்கு மேலே கோலி கிடக்கும், கீழே இறங்காது. இவை தலைகீழாக நின்றதால் வாய் வழியே ஏறிய சேறெல்லாம் கோலியைச் சுற்றி அடைத்துக் காய்ந்து கிடந்தது. ஈர்க்குச்சிக் கட்டை வளைத்து விட்டுப் பார்த்தாள், போகவில்லை. அரிசி களைந்து புளித்த கழனித்தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். கலங்கலாகக் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான்.

அம்சம் போய், சமைத்துத் தின்றுவிட்டு வேலியோரம் கொட்டியிருந்த நத்தை ஓடுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அம்மிக் குழவியால் நசுக்கினாள். நசுங்கின ஓடும் ஒரு பிடி ஆற்று மணலும் கழனித்தண்ணீருமாக உள்ளே போட்டு, வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு காத்தாயி குலுக்க ஆரம்பித்தாள். தோள் வலித்ததும் அம்சம் வாங்கிக்கொண்டாள். அவள் களைத்ததும் இவள். பழுப்பாகத் தண்ணீர் வந்தது, பிறகு சாம்பல் நிறத்தில் வந்தது. ஊற்றிவிட்டு மறுபடி குலுக்கினார்கள்.

“அம்சம், சித்த பேசாத. கேளு.”

காத்தாயி பாட்டிலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெல்லச் சாய்த்தாள். உள்ளே கோலி தன் இடத்தை விட்டு நகர்ந்து உருண்டு கண்ணாடியில் மோதியது. அந்த வெயிலில், ஒரு காக்கைகூடக் கத்தாத வேளையில், கிணிங் என்று கேட்டது. மருதையன் கைப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்து சேற்றுக்குள் அசையாமல் கிடந்த கோலி. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  காத்தாயி இன்னொரு தடவை சாய்த்தாள்.

பிறகுதான் அவள் பெருவிரலுக்கு அது தட்டுப்பட்டது. கண்ணாடியிலேயே மேடாக ஏதோ இருந்தது. நாரால் அழுத்தித் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். தோகையை மடக்கிக்கொண்டு தலையைத் திருப்பி நிற்கும் ஒரு மயில். அதைச் சுற்றி எழுத்து.

“மயிலு, அண்ணி.”

“ஆமாடி. என்னமோ எழுதியும் இருக்கு.”

இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. மயில் தெரிந்தது. அடுத்த பாட்டிலிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. இத்தனை வருஷம் தங்கள் வாசலைச் சுற்றி மண்ணுக்குள் மயில்கள் தலைகீழாக நின்றிருக்கின்றன என்பது காத்தாயிக்கு நம்ப முடியாததாக இருந்தது. அந்த வாசலில்தான் அவள் நெல் குத்தினாள், பிள்ளை பெற்றாள், மகளை வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

ஒரு அழுக்கு மட்டும் போகவில்லை. பாட்டில் காயக் காய, மண்ணுக்குள் இருந்த பாகம் முழுவதும் நீலமும் பச்சையும் ஊதாவுமாக மினுங்கியது. திருப்பினால் பொன் நிறமாயிற்று. மண்ணெண்ணெய் பட்டிருக்கும் என்று அம்சம் சொன்னாள். காத்தாயி புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பலைக் குழைத்துப் போட்டுத் தேய்த்தாள். நனைத்தால் மறைந்தது, காய்ந்தால் முன்னைவிட அழுத்தமாக வந்து நின்றது. வெளியே தெரிந்த நாலு விரல் அளவுக்கு வெறும் பச்சைக் கண்ணாடி, அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரி நிறம். எல்லாப் பாட்டிலிலும் அதே உயரத்தில் அதே கோடு.

“இது அழுக்கு இல்லடி. கண்ணாடிக்குள்ளயே எறங்கியிருக்கு,” என்றாள் காத்தாயி. சொல்லும்போது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மயிலுக்கு மயில் நிறத்தையே மண் ஏற்றி வைத்திருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதற்குமேல் அவள் தேய்க்கவில்லை.

மருதையன் வற்றுகிற குளத்தில் துழாவிப் பிடித்த குரவை மீனோடு வந்தான். பாட்டில்கள் புளிய மர நிழலுக்கு வெளியே வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பார்த்ததும் மீனைக் கீழே வைத்தான்.

“என்னா புள்ள இது?”

“நம்ம வாசல் பாட்டிலுய்யா. கழுவியிருக்கேன்.”

அவன் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எங்கப்பன் பொதச்சப்ப இப்புடியா இருந்துச்சு?” என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலால் மயிலைத் தடவினான்.

கோபம் சைக்கிளில் வந்தது. சங்கத்துச் செயலாளர் வைத்தியலிங்கம், சிவப்புத் துண்டு, ஹேண்டில்பாரில் பை, மறுநாள் என்ன பேசுவது என்று சொல்லிக்கொடுக்க வந்தவர். வாசலில் வரிசையாக இருந்த வெற்றுக் குழிகளைப் பார்த்ததும் ஸ்டாண்டு போட மறந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“பாட்டில் எங்க தோழர்?”

“அந்தா காயுதுங்க,” என்றாள் காத்தாயி.

“யாரு எடுக்கச் சொன்னா?”

“யாரு சொல்லணும்? ஆபீசரு வர்றாருன்னு நாந்தான் கழுவுனேன்.”

வைத்தியலிங்கம் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். “தோழர், நான் மனுவுல என்னா எழுதியிருக்கேன் தெரியுமா? பல்லாண்டு காலமாக மண்ணில் பதிந்து, பாசி படர்ந்து கிடக்கும் பாட்டில் வரிசையே இக்குடியிருப்பின் தொன்மைக்குச் சான்றுன்னு எழுதியிருக்கேன். எழுதி முடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு. இப்ப அந்தாளு வந்து பாசி எங்கன்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?”

“பாசி போயிடுச்சுங்க.”

“அதான் தெரியுதே. பாட்டிலு நேத்துக் கடையில வாங்குன மாதிரி பளபளன்னு நிக்கிது. மண்ணுல பதிஞ்சதாவது இருந்துச்சா, அதையும் புடுங்கியாச்சு. சுத்தத்த யாரு கேட்டா? நம்ம அழுக்குதான தோழர் நமக்கு அத்தாட்சி.”

காத்தாயியின் முகம் செத்துப்போயிற்று. தன் கையாலேயே தன் வீட்டைப் பிடுங்கிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“சாணியக் கரச்சுப் பூசிப்புடுவமா?” என்றாள் அம்சம்.

“பூசுனா பூசுன மாதிரிதான் இருக்கும். ஒரு நாள்ல பாசி வளருமா?”

மருதையன் குறுக்கே வந்தான். “அவள ஏன் பேசுறீங்க தோழர்? போனது போயிடுச்சு. மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுங்க. பழையது இருக்கு, மீனு இப்ப ஆயிடும்.”

வைத்தியலிங்கத்துக்கு அந்த நிலைமையிலும் மீன் என்றதும் கொஞ்சம் தணிந்தது. அம்சம் மீனைச் சாம்பலில் உரசிக் கழுவி, மாங்காய் போட்டுக் கூட்டி அடுப்பில் வைத்தாள். காத்தாயி சாப்பிட உட்காரவில்லை. மறுநாள் விடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று முதல் பாட்டிலைக் கையில் எடுத்தாள். அப்போது மேற்கே வரப்பில் குடை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்ன இன்ஸ்பெக்டரை வியாழக்கிழமை சாயங்காலமே கூட்டி வந்துவிட்டார் குஞ்சிதபாதம் பிள்ளை. ஆட்களைத் தயார் பண்ண விடக்கூடாது என்கிற கணக்கு. முன்னால் தலையாரி வைரக்கண்ணு, நடுவில் குடை பிடித்து இன்ஸ்பெக்டர் இராஜாங்கம், பின்னால் பிள்ளை. சாய்ந்த வெயில் பாட்டில்கள்மேல் விழுந்து அடித்தது. தூரத்திலேயே பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

“சார், பாருங்க. நல்லாப் பாருங்க. சோடா பாட்டிலு. எறியறதுக்குக் கழுவி அடுக்கி வச்சிருக்கானுவ.”

அந்த வருஷங்களில் தஞ்சாவூர் ஜில்லாவில் சோடா பாட்டில் என்றால் யாரும் குடிக்கிறதை நினைக்க மாட்டார்கள், உடைந்த மண்டையைத்தான் நினைப்பார்கள். தலையாரி இரண்டடி பின்னால் நகர்ந்து இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டான். இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார்.

“ஆண்டே, அப்படியெல்லாம் இல்லிங்க,” என்றான் மருதையன். ஆண்டே என்று இனிமேல் யாரையும் கூப்பிடுவதில்லை என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் பழைய நாக்கு வந்துவிட்டது. வைத்தியலிங்கம் அவனை முறைத்துவிட்டு, “சார், வீண் பழி. இது இந்த வீட்டு வாசல் வரிசை. மனுவுல இருக்கு,” என்றார்.

“மனுவுல பாசி படர்ந்ததுன்னுல்ல இருக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர். படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். “யாரு கழுவுனது?”

“நாந்தாங்க,” என்றாள் காத்தாயி.

“ஏம்மா?”

“நீங்க வர்றீங்கன்னுங்க.”

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. “எங்கருந்து எடுத்த?”

“இந்தா, இந்தக் குழியிலேருந்துதாங்க.”

“சார், இதெல்லாம் நேத்துத் தோண்டுன குழி,” என்றார் பிள்ளை. “மன்னார்குடிப் பழைய சாமான் கடையில இப்படிப் பாட்டிலு கூடை கூடையாக் கெடக்கு. வாங்கியாந்து பொதைக்கப் பாத்திருக்கா. அதுக்குள்ள நாம வந்துட்டம்.”

“வச்சுக் காட்டும்மா பாப்பம்.”

காத்தாயி கையிலிருந்த பாட்டிலை ஒரு குழியின் மேல் பிடித்துப் பார்த்தாள். இல்லை என்று அடுத்ததற்குப் போனாள். அங்கே கொஞ்சம் திருப்பி, வாய்ப்பக்கத்தை உள்ளே விட்டாள். அழுத்தவே இல்லை. உள்ளே இருந்த காற்று பெருமூச்சு விட்ட மாதிரி வெளியே வர, பாட்டில் தானாக இறங்கி, நிறக்கோடு தரைமட்டத்துக்கு வந்ததும் நின்றது. உதடு உடைந்த இடம்கூட உள்ளே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது கைக்குத் தெரிந்தது. 

“இப்ப எடு.”

எடுத்தாள். இன்ஸ்பெக்டர் கர்சீப்பை விரித்து மண்டியிட்டு, குழிக்குள் குனிந்து பார்த்தார். மேற்கு வெயில் குழிக்குள் பாதி தூரம் இறங்கியிருந்தது. அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.  என்ன குற்றம் கண்டுபிடித்துவிட்டாரோ என்று மருதையன் நினைத்தான்.

“பிள்ளை, இங்க வாங்க. நீங்களும் பாத்துடுங்க.”

பிள்ளை வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். குழியின் சுவர் ஓடு மாதிரி இறுகியிருந்தது. அதில் ஒரு மயில் பள்ளமாகப் பதிந்திருந்தது, தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. அதன் தோகையில் ஒவ்வொரு கீற்றும் தெரிந்தது. சுற்றிலும் எழுத்து, வலமிடம் மாறி. அம்சம் அடுத்த குழியில் எட்டிப் பார்த்தாள். அதிலும் மயில் இருந்தது. வாசல் முழுக்கப் பூமிக்குள் மயில்கள். யாரும் செய்யாத வேலை. மழையும் வெயிலும் மாறி மாறி வந்து அமுக்கி, காயவைத்து, அப்படி அச்சு எடுத்திருந்தன. பார்த்துக்கொண்டு நின்ற ஏழு பேரும் கொஞ்ச நேரம் கட்சிக்காரர்களாக இல்லை.

இன்ஸ்பெக்டர் பாட்டிலை வாங்கி வெயிலில் பிடித்து எழுத்தைக் கூட்டிப் படித்தார்.

“மயில் மார்க் சோடா. தியாகராச பிள்ளை, மாயவரம்.” நிமிர்ந்தார். “உங்களுக்கும் மாயவரந்தானே பூர்வீகம். இப்படி ஒரு கம்பெனி தெரியுமா பிள்ளை?”

குஞ்சிதபாதம் பிள்ளை கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் பாட்டிலைக் கொடுத்தார். பிள்ளை வாங்கிச் சாய்த்ததில் உள்ளே கோலி உருண்டது. அவர் பெருவிரல் பழக்கத்தில் தானாகப் போய் உடைந்த வாயில் கோலி இருக்க வேண்டிய இடத்தை அமுக்கியது.

தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. இன்ஸ்பெக்டர் வேறு ஊர்க்காரர், மருதையனுக்கு எழுத்துத் தெரியாது. மிராசுதார் வீட்டில் நாளைக்கும் சாப்பாடு உண்டு. பிள்ளை பாட்டிலைத் திருப்பினார். மயில் நீலமாக இருந்தது, பிறகு பச்சையாக, பிறகு பொன்னாக மாறியது.

“எங்க அப்பாங்க,” என்றார்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

“தியாகராச பிள்ளைங்கிறது எங்க அப்பா. மாயவரத்துல கடைத்தெருவுல கம்பெனி. இந்த மயில அவரே தன் கையால வரைஞ்சு கொடுத்து அச்சு போட்டாரு. மாயூரம்னா மயிலுதானேடா, வேற என்ன மார்க் போடுறதும்பாரு. உலகச் சண்டைக் காலத்துல சோடாவுக்கு ஏத்துற கேஸ் கெடைக்காம நொடிச்சுப் போச்சுங்க. மெஷினு, பெட்டி, போர்டு எல்லாம் ஏலத்துல போச்சு. அவரும் அதோட போயிட்டாரு. ஒரு போட்டோகூடக் கெடையாது எங்கிட்ட. ஒரு பாட்டிலுகூட இல்ல. எத்தனையோ எடத்துல தேடியிருக்கேன்.” பாட்டிலை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். “இது பச்சைக் கண்ணாடிதாங்க. இந்த நெறமெல்லாம் அப்ப இல்ல.”

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். “அப்ப இது இந்த ஊருக்கு எப்படி வந்துச்சு?”

“மிராசு வீட்டுப் பெரிய பொண்ணு கல்யாணம். சோடா சப்ளை எங்க அப்பா. நான்தான் வண்டியில வந்தேன். வாய் ஒடஞ்சதையெல்லாம் கொல்லையில ஒதுக்கிப் போட்டிருந்தோம். இவன் அப்பன் வந்து கேட்டான். வாசல் மண்ணு கரையுது, பொதைக்கணும்னான். எடுத்துக்கன்னேன். வெறும் ஒடசல்தானேன்னு அதோட மறந்தே போயிட்டேன்.”

“எந்த வாசல்?”

பிள்ளை மறுபடியும் குழியைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து அவர் அப்பாவின் பெயர் திருப்பி எழுதப்பட்டு அவரைப் பார்த்தது.

“இதுதாங்க.”

“களம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?”

“போட்டிருக்கேன். பொய்ங்க.”

“நான் எழுதிக்கவா? அப்புறம் நீங்க அந்த வீட்டுல இருக்க முடியாது.”

“எழுதிக்குங்க சார்.”

தலையாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வைத்தியலிங்கத்துக்குக் கோஷம் எதுவும் வரவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருதையன் அப்படியே மண்ணில் குந்திவிட்டான். இன்ஸ்பெக்டர் புளிய மரத்தடியில் உட்கார்ந்து எழுதினார். பிள்ளை படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

போகிற நேரத்தில் பிள்ளை காத்தாயிக்கு முன்னால் வந்து நின்றார். கையிலிருந்த பாட்டிலை அதற்குள் வரிசையிலேயே திருப்பி வைத்திருந்தார்.

“காத்தாயி, எனக்கு ஒண்ணு குடுக்கிறியா?”

“ஒங்க அப்பாரு பாட்டிலு. நல்லதாப் பாத்துத் தர்றங்கய்யா.”

அவள் வரிசை முழுவதையும் பார்த்து, மயில் முழுசாக இருந்த ஒன்றை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். சேரி ஆட்களிடமிருந்து ஒரு பொருள் பிள்ளைமார்த் தெருவுக்குப் போவதற்கு ஒரு முறை உண்டு. இவர்கள் கீழே வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், பிறகு அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, முதுகுக்கே தெரியும். காத்தாயி பாட்டிலை அவர் காலடியில் வைக்கக் குனிந்தாள்.

“கீழ வைக்காத,” என்றார் பிள்ளை.

அவள் பாதி குனிந்தபடி நின்றாள்.

“அவரு இத்தன வருஷம் மண்ணுல கெடந்தது போதும். கையில குடு.”

காத்தாயி மருதையனைப் பார்த்தாள்.  நிமிர்ந்து நீட்டினாள். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது அவருடைய விரல்கள் அவள் விரல்கள்மேல் பட்டன, அவர் அவசரப்பட்டு இழுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்காகத்தான் அவர் அப்படிச் செய்தார், இவளுக்காக இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வந்தவர்கள் மூன்று பேரும் வரப்பில் இறங்கிப் போன பிறகு, மனை தங்களுக்கே ஆகிவிட்டது என்று அம்சம் அழுதுகொண்டே வந்து தோளைப் பிடித்து உலுக்கியபோதும், காத்தாயி சாம்பலும் உவரும் அரித்துச் சிவந்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.